நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கே அறுவை சிகிச்சை என்றால் என்ன செய்வது? உதவித்தொகை, மாற்று ஏற்பாடு குறித்து ஒரு கேள்வி

அரசலாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிறர் எழுதுவதைப் படித்துவிட்டுப் பேசாமல் போகிறவள் நான். இன்று எனக்கே கேட்க வேண்டிய தேவை வந்திருக்கிறது. சற்று நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 44, அம்மாவுக்கு 73. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு பாதிக்கு மேல் திரும்பிவிட்டது என்று நாங்கள் ஆறுதல் அடைந்திருந்த நேரத்தில், கடந்த ஓராண்டாக நினைவு தடுமாறத் தொடங்கியிருக்கிறது. காலமாகி எட்டு ஆண்டுகள் ஆன அப்பாவைக் குறித்து, "இன்னும் தறியை விட்டு எழுந்திருக்கவில்லையா?" என்று இரவு மூன்று மணிக்கு என்னை எழுப்பிக் கேட்கிறார். அப்பா பட்டு நெசவாளி. ஆகவே குடும்ப ஓய்வூதியம் என்று எதுவும் கிடையாது. அம்மாவுக்கு முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய் வருகிறது. மூடிக்கொண்ட அவருடைய வலது கை விரல்களின் நகம் உள்ளங்கையைக் கிழித்துவிடாமல் இருக்க, சிறிய துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறேன். அதை மாற்றுவதில் இருந்து என் நாள் தொடங்குகிறது.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். முதல் நான்கு மாதம் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தார்கள். அதன் பிறகு நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கணவர் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அண்ணன் சென்னையில் மென்பொருள் நிறுவனத்திலும், தம்பி திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்திலும் வேலை பார்க்கிறார்கள். அண்ணன் மாதம் 3,000 ரூபாய் அனுப்புவார். சில மாதம் மறந்துவிடுவார், நானும் நினைவூட்டுவதில்லை.

இப்போதைய சிக்கல் என்னுடைய உடம்பு. கர்ப்பப்பையில் கட்டிகள் இருப்பதால் எடுத்துவிட வேண்டும் என்றும், அதற்குப் பிறகு ஆறு வாரம் எந்தக் கனத்தையும் தூக்கக் கூடாது என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மாவைக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கும், நாற்காலியில் இருந்து கட்டிலுக்குமாக நாளொன்றுக்கு நான்கு முறையாவது தூக்குகிறவள் நான். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்காக ஒரு முகமையை அணுகினோம். மாதம் 26,000 ரூபாய் கேட்டார்கள். ஒரு மாத முன்பணம் கட்டினோம். வந்த பெண் ஒன்பதாம் நாள் சொல்லாமல் போய்விட்டார், பணம் இன்னும் திரும்பவில்லை. தொலைபேசியில் விசாரித்த இரண்டு முதியோர் இல்லங்களில், எழுந்து நடப்பவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்வோம் என்றார்கள்.

அரசிடம் இருந்து என்னைப் போன்றவர்களுக்கு ஏதேனும் உதவித்தொகை உண்டா? ஆறு வாரத்துக்கு மட்டும் அம்மாவை நம்பி ஒப்படைக்கக்கூடிய இடம் எதுவும் இருக்கிறதா? இவற்றில் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

---

பழைய கோப்பு எழுதியது:

அம்மா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணம் குறித்த உங்கள் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் மாநிலத்தில் கிடைக்கும் பணம் ஏறக்குறைய முழுவதும், பார்த்துக்கொள்ளப்படுபவரின் பெயரில்தான் வருகிறது. பக்கத்து கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில், படுக்கையில் இருப்பவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கென்றே மாதம் 600 ரூபாய் கொடுக்கும் திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. தொகை சிறியது, ஆனால் இந்த வேலையைச் செய்பவர் ஒருவர் இருக்கிறார் என்று அரசுப் பதிவேட்டில் ஒப்புக்கொள்வதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பது என் எண்ணம். இங்கே நீங்கள் உங்கள் அம்மாவின் பெயரில் விண்ணப்பிப்பதுதான் வழி.

அவருக்கு வரும் 1,200 ரூபாய் வருவாய்த் துறையினுடையது. அதைத் தவிர, மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில் பராமரிப்பு உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. கை கால் இயக்கம் 75 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உடையவர்கள், தசைச்சிதைவு, பார்க்கின்சன், தண்டுவடக் காயம் போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இது கிடைக்கும். 2023 ஜனவரியில் 1,500 ரூபாயில் இருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டையும் ஒருசேர வாங்க முடியாது. இது அனுமதியானதும் முதியோர் ஓய்வூதியத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு உண்மையில் கூடுவது மாதம் 800 ரூபாய்தான். அவசரப்பட்டு முன்னதாகவே பழையதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். புதியதின் அனுமதி ஆணை கைக்கு வந்த பிறகு செய்யுங்கள். நடுவில் எதுவுமே வராமல் மாதக்கணக்கில் நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேலாக, உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகள் உதவியாளர் ஒருவரை வைத்துக்கொள்ள மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 24ஆம் பிரிவில், பராமரிப்பாளர் படி என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. நடைமுறையில் உங்களைப் போன்றவர்களுக்கு அதன் மிக அருகில் வருவது இந்த ஆயிரம் ரூபாய்தான். இதற்குத் தனி மதிப்பீடு செய்வார்கள். எல்லா விண்ணப்பங்களும் ஏற்கப்படுவதில்லை என்றாலும், பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதே இதையும் கேட்டு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் வாசல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும்தான். பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்த பிறகே மதிப்பிடுவார்கள். உங்களுக்கு அது கடந்துவிட்டது. இ-சேவை மையத்தில் பதிவு செய்துவிட்டு, மருத்துவக் குழு கூடும் நாளைக் கேட்டு அழைத்துச் செல்லுங்கள். அன்று ஒரு தவறு பலரும் செய்கிறார்கள்: குளிப்பாட்டி, நல்ல சேலை உடுத்தி, உட்கார வைத்துத் தலைவாரி, அவருக்கு எவ்வளவு முடியும் என்பதைக் காட்டும் விதமாகவே அழைத்து வருவார்கள். நம் பெரியவர்களும் மருத்துவரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "நானே சாப்பிடுவேன், நானே நடப்பேன்" என்று சொல்லிவிடுவார்கள். எழுதுபவர் அதைத்தான் எழுதுவார். ஆகவே, யார் ஊட்டுகிறார்கள், யார் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்கிறார்கள், இரவில் எத்தனை முறை எழுப்புகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி, வெளியேறும்போது மருத்துவமனை கொடுத்த சுருக்க அறிக்கையோடும் ஸ்கேன் முடிவுகளோடும் இணைத்துக் கொடுங்கள். 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்று பதிவானால் அட்டையில் நீலப் பட்டை இருக்கும். வரி தொடர்பாக அந்த எண்ணுக்கு ஒரு பயன் உண்டு. அதை விவரம் தெரிந்தவர் யாரேனும் சொல்லட்டும்.

நினைவுத் தடுமாற்றத்தை வைத்து விண்ணப்பிக்க முயல வேண்டாம் என்பேன். சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சன் பெயர் சொல்லி இருக்கிறது. மறதிநோய் அப்படி இல்லை. உங்களுக்குப் பக்கவாதம் என்ற நேரான வழி இருக்கும்போது சுற்று வழி எதற்கு?

---

வைகைத் தாய் எழுதியது:

பழைய கோப்பு ஐயா சொன்னதோடு, இந்த இழையைப் படிக்கும் வேறு பெற்றோருக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். என் மகனுக்கு 23 வயது, ஆட்டிசம். எங்களுக்கு வேறு கதவு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய அறக்கட்டளை என்ற அமைப்பு இருக்கிறது. நிராமயா என்ற அதன் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை என்பதும், பயிற்சிச் சிகிச்சைகளும் அதில் அடங்கும் என்பதும்தான் எங்களுக்குப் பெரிய ஆறுதல். 18 வயது கடந்த பிள்ளைகளுக்குச் சட்டப்படியான பாதுகாவலர் நியமனத்தை, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே செய்து தரும். நீதிமன்றம் போக வேண்டாம்.

அரசலாறு, நீங்கள் கேட்டதற்கு நேரான பெயர் அந்த அறக்கட்டளையிடம் இருக்கிறது. சமர்த் என்ற திட்டம், பெற்றோருக்கு இடைவெளி கொடுப்பதற்காகப் பிள்ளைகளைச் சில நாட்கள் தங்க வைத்துப் பார்த்துக்கொள்வதற்கென்றே தொடங்கப்பட்டது. ஆனால் அது அந்த நான்கு நிலைகளுக்கு மட்டும். அதிலும் மையம் அருகில் இருந்தால்தான் உண்டு. என் மாமியாரும் இதேபோல் படுத்திருந்தவர் என்பதால் கேட்டுப் பார்த்தேன். பக்கவாதம் வந்த முதியவருக்கு அங்கே இடமில்லை. அதிகாரபூர்வமாக அப்படி ஒரு இடைவெளி உண்டு என்று எழுதி வைத்திருக்கிற ஒரே இடத்திலும் வயதானவர்களுக்குக் கதவு இல்லை என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

---

நடுநிலை எழுதியது:

தவறாக எண்ண வேண்டாம். பெற்ற தாயைப் பார்த்துக்கொள்வதற்கு அரசிடம் கூலி கேட்பது எந்த அளவுக்குச் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பாட்டி ஒன்பது ஆண்டு படுக்கையில் இருந்தார். என் அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டார்.

---

வைகைத் தாய் எழுதியது:

நடுநிலை அவர்களே, உங்கள் அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த ஒன்பது ஆண்டுகளில் அவருக்கு இடுப்பு வலி இருந்ததா, அவர் தம் தாய்வீட்டுக்கு எத்தனை முறை போய் வந்தார், பக்கத்தில் எத்தனை கைகள் இருந்தன என்று யாராவது கேட்டீர்களா? அரசலாறு கூலி கேட்கவில்லை. அறுவை சிகிச்சை செய்துகொள்ள ஆறு வாரம் கேட்கிறார்.

---

ஊர்ச்செவிலி எழுதியது:

நடந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. நீண்ட நாள் நோயாளிகளின் வலியையும் வேதனையையும் குறைக்கும் ஆதரவுச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வாரத்தில் நான்கு நாட்கள் இத்தகைய வீடுகளுக்குத்தான் போகிறேன்.

அக்கா, நீங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை, இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றே பலரும் அறிந்திருக்கிறார்கள். அதே திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளரும், ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் வட்டார அளவில் இருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பது அவர்கள் வேலை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அம்மாவின் பெயரை வீட்டுச் சிகிச்சைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நாங்களாக வருவோம் என்று காத்திருக்காதீர்கள். பட்டியலில் பெயர் இல்லாத வீடு எங்களுக்குத் தெரியாது. தகவலுக்கு 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

தங்க வைக்கும் இடத்தைக் குறித்து உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் முதியோர் பிரிவும் ஆதரவுச் சிகிச்சைப் பிரிவும் உண்டு. புண், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, வலி என்று மருத்துவக் காரணம் இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். வீட்டில் பார்க்க ஆளில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்துச் சேர்ப்பது கடினம். அப்படியே சேர்த்தாலும், நோயாளியோடு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பார்கள். அந்த ஒருவர் இல்லை என்பதுதானே உங்கள் பிரச்சினை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட அன்புச்சோலை மையங்கள் பகலில் முதியவர்கள் கூடி இருப்பதற்கானவை, அதுவும் 25 இடங்களில். தூக்கி உட்கார வைக்க வேண்டியவருக்கு அவை உதவா.

ஆகவே நான் பார்த்த வரையில் உங்களைப் போன்ற வீடுகளில் நடைமுறைக்கு வந்தது ஒன்றே: நோயாளி வீட்டிலேயே இருப்பார், பார்த்துக்கொள்கிறவர் மாறுவார். முகமை வழியாக ஆள் எடுப்பதை விட, ஊரிலேயே காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் வரக்கூடிய ஒரு பெண்ணைப் பேசிக்கொள்வது செலவிலும் குறைவு, ஓடிப்போகும் பயமும் குறைவு. இடைப்பட்ட நேரத்துக்கும் இரவுக்கும் குடும்பத்து ஆண் ஒருவர் பழக வேண்டும். "அவனுக்கு இதெல்லாம் வராது" என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் காட்டிக் கொடுத்தால் வந்துவிடும்.

தூக்குவதைக் குறித்து: கட்டிலின் உயரமும் நாற்காலியின் உயரமும் ஒன்றாக இல்லை என்றால், கட்டில் கால்களுக்கு அடியில் குழிவெட்டிய மரக்கட்டை வையுங்கள், தச்சர் அரை நாளில் செய்து தருவார். நாற்காலியை எப்போதும் அம்மாவின் இடது பக்கம், அதாவது வலுவுள்ள பக்கம் போடுங்கள். அவருடைய இடது காலும் இடது கையும் பாதி வேலையைச் செய்துவிடும். வலது அக்குளுக்கு அடியில் கைவிட்டுத் தூக்கவே கூடாது; விழுந்த கையின் தோள்மூட்டு அப்படித்தான் நழுவுகிறது, பிறகு அந்த வலி ஆயுளுக்கும் போகாது. படுக்கையில் மேலே நகர்த்த, தோளில் இருந்து தொடை வரை வருமாறு ஒரு போர்வையை நான்காக மடித்து அடியில் விரித்து வைத்து, இரண்டு பக்கமும் இருவர் பிடித்து இழுத்தால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதை மட்டும் யார் வந்தாலும் விடக் கூடாது.

உங்கள் அறுவை சிகிச்சை குறித்தும் கேட்க நினைத்தேன். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள். இரவு தூக்கமில்லாமல், யாரிடமாவது பேசினால் தேவலாம் என்று தோன்றும்போது 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். நோயாளிக்குத்தான் அது என்று நினைத்து, பார்த்துக்கொள்கிறவர்கள் அழைப்பதே இல்லை.

---

வரவு செலவு எழுதியது:

வணக்கம். வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருவது என் தொழில். நீலப் பட்டை குறித்து மேலே ஒருவர் விட்டுச் சென்றதில் இருந்து தொடங்குகிறேன்.

தம்மைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளிப் பெற்றோரைப் பராமரிக்கச் செலவு செய்யும் ஒருவர், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில் கொடுத்திருந்த கழிவின்படி, தம் வருமானத்தில் 75,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். குறைபாடு 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் அந்தத் தொகை 1,25,000 ரூபாய். எவ்வளவு செலவானது என்று ரசீது காட்டத் தேவையில்லை. சான்றிதழ் வேண்டும், வரி கட்டுகிறவர் தேர்ந்தெடுக்கும் பழைய, புதிய வரி முறைகளில் பழையதில் இருக்க வேண்டும். 30 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு, 4 விழுக்காடு மேல்வரியையும் சேர்த்தால், ஆண்டுக்கு 39,000 ரூபாய் மிச்சமாகும். மாதத்துக்கு 3,250 ரூபாய்.

அரசலாறு, இந்தக் கணக்கை ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். அம்மாவைத் தூக்குகிற உங்கள் வீட்டுக்கு அரசு தரவிருக்கும் 2,000 ரூபாயை விட, சென்னையில் இருக்கும் உங்கள் அண்ணன் கணக்குத் தாளில் ஒரு கட்டத்தை நிரப்பி மிச்சம் பிடிக்கக்கூடிய தொகை அதிகம். எனக்குத் தெரிந்த குடும்பங்களில், சான்றிதழின் நகலை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக் கழிவு எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையைக் கூட ஊருக்கு அனுப்பாதவர்கள் உண்டு. உங்கள் அண்ணன் அப்படி என்று சொல்லவில்லை. தாய் தம்மைச் சார்ந்திருக்கிறார் என்று கையெழுத்திடுகிறவர் உண்மையிலேயே பராமரிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஆகவே நகலை அனுப்பும்போதே, மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் ஒரு பெண்ணை இரு வேளைக்கு அமர்த்தும் சம்பளத்தில் நல்ல பகுதி அதிலேயே அடங்கிவிடும். அவர் புதிய வரி முறையில் இருந்தால் இந்தக் கழிவு கிடையாது. எந்த முறை லாபம் என்று அவரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

பேசியும் பயனில்லை என்றால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் தர உத்தரவிடலாம். அழைப்பாணை சேர்ந்து 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். வழக்கறிஞர் வைக்கும் செலவு இல்லை. ஆனால் மனு அம்மாவின் பெயரில்தான் இருக்க வேண்டும். அவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் அளித்தவர் கொடுக்கலாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அந்தச் சட்டத்தில் மகளும் பிள்ளைதான். உங்கள் பங்கை நீங்கள் உழைப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கும். வேலையை விட்ட தேதி, மருந்துச் செலவு, யார் எவ்வளவு அனுப்பினார் என்பதை ஒரு நோட்டில் இன்றே எழுதத் தொடங்குங்கள். மனு கொடுக்காமலே போனாலும் அந்த நோட்டு பயன்படும்.

அம்மா தெளிவாக இருக்கும் நேரங்கள் இன்னும் இருக்கின்றன என்றால், வங்கிக் கணக்கை இருவர் பெயரில், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் மாற்றிவிடுங்கள். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே சொல்லியிருக்கிறது. கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நினைவு முழுவதும் போன பிறகு, முதியவருக்குப் பாதுகாவலராவதற்கு வைகைத் தாய் சொன்ன உள்ளூர்க் குழு போன்ற எளிய வழி கிடையாது. 2024இல், கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சிகிச்சைச் செலவுக்காகச் சொத்தை விற்கவும் அனுமதித்தது சென்னை உயர் நீதிமன்றம். அதற்கு அந்த அம்மையார் மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது.

---

அரசலாறு எழுதியது:

எல்லாருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும்; நேரம் அமையவில்லை. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவக் குழுவிடம் அழைத்துச் சென்றோம். பழைய கோப்பு ஐயா எச்சரித்தபடியே, மருத்துவர் கேட்டதும் அம்மா, "சமையல்கூட நான்தான் செய்கிறேன்" என்றார். சிரித்துவிட்டேன், பிறகு கையில் இருந்த தாளை நீட்டினேன். 80 விழுக்காடு என்று எழுதினார்கள். 2,000 ரூபாய்க்கும், உதவியாளருக்கான ஆயிரத்துக்கும் சேர்த்து விண்ணப்பம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டும் இன்னும் வரவில்லை. 1,200 வந்துகொண்டிருக்கிறது, அதில் கை வைக்கவில்லை.

அண்ணனுக்கு வரவு செலவு ஐயாவின் கணக்கை அப்படியே அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அண்ணி அழைத்து, இனி மாதம் 8,000 ரூபாய் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும் என்றார். அதைக் கொண்டு தெருக்கோடியில் இருக்கும் ஒரு அக்காவைக் காலையும் மாலையும் வரச் சொல்லியிருக்கிறேன். கோட்டாட்சியர் வரை போக வேண்டிய அவசியம் வரவில்லை. முகமையிடம் கொடுத்த முன்பணம் மட்டும் போனது போனதுதான் என்று தோன்றுகிறது.

தம்பி பதினைந்து நாள் விடுப்பில் வந்திருக்கிறான். அடுத்த பதினைந்து நாள் அண்ணன் வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கும் அனுமதியோடு வருகிறார். சுகாதார நிலையத்தில் இருந்து வந்த இயன்முறைச் சிகிச்சையாளர், மடித்த போர்வையை வைத்து நகர்த்துவதைத் தம்பிக்கும் என் கணவருக்கும் இரண்டு முறை செய்ய வைத்துப் பார்த்தார். முதல் முறை தம்பி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். இப்போது நான் சொல்லாமலே இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிவிடுகிறான்.

நாளை மறுநாள் எனக்கு அறுவை சிகிச்சை. சமையலறை அலமாரியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: மாத்திரை நேரம், கஞ்சியின் பதம், வலது கைத் துண்டு, வெற்றிலை கேட்டால் இடித்துக் கொடுக்க வேண்டும் என்பது. கடைசி வரியைத் தம்பி படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றான். இரவு அப்பாவைக் கேட்டால், இறந்துவிட்டார் என்று சொல்லாதே, இன்னும் நாலு விரல்கடை நெய்துவிட்டு வருவார் என்று சொல் என்று அதில் எழுதியிருந்தேன்.